சிவிட்டாவெக்கியாவில் கப்பல் நின்றால், ரோமுக்குப் போய்த் திரும்புவது எப்படி?

மத்தியதரைக் கடல் சொகுசுக் கப்பல்களின் அட்டவணையில் ஒரு நாளுக்கு நேராக ‘ரோம்’ என்று போட்டிருக்கும். ரோமில் கப்பல் எதுவும் நிற்காது. அங்கிருந்து வடமேற்கே எழுபது, எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில்தான் நிற்கும். சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிராஜன் பேரரசர் கட்டுவித்த துறைமுகம் அது. இன்றைக்கு ஆண்டுக்கு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் அங்கே வந்து போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எண்ணம் ஒன்றுதான்: காலையில் ரோமுக்குப் போய், சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா பஸ். விலை அதிகம், கூட்டத்தோடு கூட்டமாக அலைய வேண்டும். ஆனால் பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். இரண்டாவது தனி வண்டி. ஒரு பக்கத்துக்கே நூறு யூரோவைத் தாண்டிவிடும் என்பதால் ஆறேழு பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். வயதானவர்களையோ கைக்குழந்தையையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கணக்குப் பார்க்காமல் இதையே எடுக்கலாம். மூன்றாவது ரயில். நன்றாக நடக்க முடிந்தவர்களுக்கு ரயிலைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. சாலை நெரிசல் அதைத் தொடாது, செலவு சொற்பம், இறங்க வேண்டிய இடத்தை நீங்களே முடிவு செய்யலாம். இனி சொல்லப்போவதெல்லாம் ரயில் வழிதான்.

முதலில் கடிகாரம்

திட்டத்தைக் காலையிலிருந்து போடாதீர்கள், மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கப்பல் புறப்படும் நேரம் ஒன்று, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் இன்னொன்று. இரண்டாவதுதான் உங்கள் நேரம். முந்தின இரவு அறைக்கு வரும் தாளிலோ கப்பலின் செயலியிலோ அது இருக்கும். கப்பல் கடிகாரமும் இத்தாலி நேரமும் ஒன்றுதானா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சில பயணங்களில் கப்பல் தனக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளும். உங்கள் கைப்பேசியோ கரையின் நேரத்துக்குத் தானாகவே மாறிவிடும்.

ஏற வேண்டிய நேரம் மாலை ஆறரை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஐந்து மணிக்குச் சிவிட்டாவெக்கியா ரயில் நிலையத்தில் இறங்கியிருக்க வேண்டும். அதற்கு நான்கு மணிவாக்கில் ரோமில் ரயில் ஏற வேண்டும். காலையில் எட்டு மணிக்குக் கப்பலை விட்டு இறங்கி ஒன்பது மணி ரயிலைப் பிடித்தால், பத்து மணிக்கு ரோமில் இருப்பீர்கள். ஆக, கையில் கிடைப்பது ஆறு மணி நேரம். அதற்குள் மொத்த ரோமையும் பார்க்கப் புறப்படுகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை. வரிசையில் நின்றுவிட்டு வருகிறார்கள். ரோமை இரண்டு பாதியாகப் பிரியுங்கள்: வத்திக்கான் பக்கம், கொலோசியம் பக்கம். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

கையில் இருக்க வேண்டியவை

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வேண்டும். நடுவில் துருக்கி, துனிசியா, மான்டினீக்ரோ போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டில் கப்பல் நின்றுவிட்டு மறுபடி இத்தாலிக்கு வருவதாக இருந்தால், ஒரே நுழைவு அனுமதிக்கும் விசா போதாது. பல நுழைவு விசாவாகக் கேட்டு வாங்குங்கள். குரோஷியா 2023 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் அங்கே அந்தக் கவலை இல்லை.

சில கப்பல்களில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் முதல் பக்கமும் விசா பக்கமும் நகலாகக் கையில் இருக்கட்டும். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகியிருக்கும். வாசலில் அடையாளம் கேட்பார்கள். அறைச் சாவியாக இருக்கும் கப்பல் அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், துறைமுக வாசலிலும் அதைத்தான் காட்ட வேண்டும். இவற்றோடு காலித் தண்ணீர்ப் புட்டி ஒன்று, மெல்லிய சால்வையோ துப்பட்டாவோ ஒன்று, நன்றாகப் பழகிய செருப்பு அல்லது ஷூ. ரோமின் பழைய தெருக்கள் கருங்கல் பாவியவை. புதுச் செருப்பு மத்தியானத்துக்குள் காலைக் கடித்துவிடும்.

கப்பலிலிருந்து ரயில் நிலையத்துக்கு

துறைமுகம் நீளமானது. தொலைவில் உள்ள மேடைகளிலிருந்து வாசல் வரை நடந்து போக முடியாது, போகவும் விடமாட்டார்கள். கப்பலுக்குப் பக்கத்திலேயே துறைமுகத்தின் இலவச ஷட்டில் பஸ் நிற்கும். அது லார்கோ டெல்லா பாச்சே என்ற திடலில் கொண்டுபோய் விடும். அங்கே இறங்கியதும் டாக்ஸி வேண்டுமா, ரோம் பஸ் வேண்டுமா என்று நாலைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். புன்னகையோடு தாண்டிப் போங்கள்.

திடலிலிருந்து ரயில் நிலையத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகும் நகர பஸ் உண்டு. நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம். கடல் உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி நேராகப் போய்க்கொண்டே இருந்தால் போதும், வழி தவறாது. பாதி வழியில் தடித்த வட்டக் கொத்தளங்களோடு ஒரு கோட்டை வரும். அதற்கு மைக்கலாஞ்சலோ கோட்டை என்று பெயர். 1508இல் இரண்டாம் ஜூலியஸ் போப்பாண்டவர் சொல்லி பிரமாந்தே என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய வேலை அது. நடுக் கோபுரத்தின் மேல்பகுதி மைக்கலாஞ்சலோ கைவண்ணம் என்று சொல்கிறார்கள். கப்பல் கொஞ்சம் தாமதமாக வந்து நேரம் இறுக்கமாக இருந்தால் பஸ்ஸிலேயே போய்விடுங்கள். கோட்டையைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கெட்

வட்டார ரயிலுக்கு ஒரு வழிக் கட்டணம் ஐந்து யூரோவை ஒட்டி இருக்கும். போய்வரும் அன்றே ரோமுக்குள் மெட்ரோ, பஸ் எல்லாம் ஏறப்போகிறவர்கள் ‘பிர்க்’ என்ற ஒருநாள் டிக்கெட்டைக் கேட்கலாம். பல ஆண்டுகளாக அதன் விலை 12 யூரோ. அன்று நள்ளிரவு வரை வட்டார ரயிலிலும் ரோம் நகர மெட்ரோ, பஸ், டிராமிலும் செல்லும். வாங்கியதும் பேனாவால் உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் அதில் எழுத வேண்டும். வத்திக்கான் பக்கம் மட்டும் போய் நடந்தே சுற்றுகிறவர்களுக்கு இரண்டு சாதா டிக்கெட்டே மலிவு.

டிக்கெட் இயந்திரத்தில் ஆங்கிலம் உண்டு. வரிசையில் நிற்கும்போது யாராவது ‘உதவி செய்யட்டுமா’ என்று பக்கத்தில் வந்து பொத்தான்களை அமுக்கத் தொடங்கினால், வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் அப்போதே வாங்கிவிடுவது நல்லது. மாலையில் ரோம் நிலையத்து வரிசையில் நிற்க உங்களுக்கு நேரம் இருக்காது.

புதிதாகப் போகிறவர்கள் இத்தாலியில் அபராதம் கட்டுவது பெரும்பாலும் அடுத்த விஷயத்தில்தான். காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, ஏறுமுன் அதில் முத்திரை போட வேண்டும். நடைமேடைக்குப் போகும் வழியில் சுவரிலோ தூணிலோ ஒரு சிறு பெட்டி மாட்டியிருக்கும். டிக்கெட்டின் முனையை அதன் வாயில் நுழைத்து ஓரமாகத் தள்ளினால் ‘கிர்ர்’ என்று சத்தம் வரும். வெளியே எடுத்தால் விளிம்பில் தேதியும் நேரமும் மங்கலான மையில் அச்சாகியிருக்கும். அச்சு விழவில்லை என்றால் பக்கத்துப் பெட்டியில் முயலுங்கள். முத்திரை இல்லாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றுதான். ‘வெளியூர், தெரியாது’ என்ற சமாதானத்தைத் தினமும் கேட்கிறவர் அவர். கைப்பேசியில் வாங்கிய வட்டார டிக்கெட்டுக்கு முத்திரை கிடையாது. ஆனால் ஏறுமுன் செயலியில் ‘செக்-இன்’ பொத்தானை அமுக்க வேண்டும்.

எந்த ரயில், எந்த நிலையம்

புறப்பாட்டுப் பலகையில் கடைசி நிலையம் ‘ரோமா டெர்மினி’ என்று போட்டிருக்கும் வட்டார ரயில்களைப் பாருங்கள். எஃப்.எல்.5 என்ற தடம் இது. மணிக்கு ஒன்றிரண்டு இருக்கும். ‘இன்டர்சிட்டி’, ‘ஃப்ரெச்சா’ என்று தொடங்கும் பெயர்கள் வேறு ரகம். அவற்றில் உங்கள் டிக்கெட்டும் பிர்க்கும் செல்லாது, வத்திக்கானுக்குப் பக்கத்து நிலையமான சான் பியத்ரோவிலும் அவை நிற்காது. கப்பல் பருவத்தில் ‘சிவிட்டாவெக்கியா எக்ஸ்பிரஸ்’ என்று பயணிகளுக்காகவே தனி ரயில் விடுவதுண்டு. விலை கூடுதல், நடுவில் நிறுத்தங்கள் குறைவு. நேரம் ஒத்துவந்தால் ஏறலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஏறியதும் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சாந்தா மரினெல்லாவைத் தாண்டும்வரை கடல் கூடவே வரும். பிறகு லாதிஸ்போலி, மக்கரேஸே என்று வயல்களும் புறநகரும்.

ரோமுக்குள் இந்த ரயில் முதலில் நிற்கும் முக்கிய நிலையம் சான் பியத்ரோ; கிட்டத்தட்ட ஐம்பது நிமிடத்தில் வந்துவிடும். அடுத்து திராஸ்தேவெரே, ஒஸ்தியென்ஸே, கடைசியில் டெர்மினி. பெயர் தெரிந்த ஒரே நிலையம் என்பதால் முக்கால்வாசிப் பேர் டெர்மினி வரை போகிறார்கள். அது வீண். போகும்போது இருபது, இருபத்தைந்து நிமிடம், திரும்பும்போது அதே அளவு இன்னொரு முறை. சிவிட்டாவெக்கியா ரயில்கள் டெர்மினியில் பெரும்பாலும் கோடிக்கு ஒதுக்கப்பட்ட நடைமேடைகளில்தான் நிற்கும். அங்கிருந்து முன்மண்டபத்துக்கு வரவே நல்ல நடை. வத்திக்கான் என்றால் சான் பியத்ரோ, கொலோசியம் என்றால் ஒஸ்தியென்ஸே. டெர்மினியை மறந்துவிடலாம்.

வத்திக்கான் பக்கம்

சான் பியத்ரோ நடைமேடையில் இறங்கும்போதே புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் கட்டடங்களுக்கு மேலே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சதுக்கம். பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும் உண்டு, தூண் வரிசைக்கு வலப்பக்கத்திலிருந்து தொடங்கும். காலையில் போனால் சீக்கிரம் நகரும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சுடிதார், புடவை கட்டியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கப்பல் மனநிலையில் அரைக்கால் சட்டையோடு வரும் ஆண்கள்தான் வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள். குவிமாடத்தின் உச்சிக்குப் போக மொத்தம் 551 படிகள். லிஃப்டில் கூரைத்தளம் வரை போனாலும் மீதி 320 படிகளை ஏறித்தான் ஆக வேண்டும். கடைசிப் பகுதியில் சுவரே சாய்ந்து வளைவதால் உடம்பையும் சாய்த்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கும் குறுகிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்கும் கீழே இருப்பதே நல்லது.

சிஸ்டைன் சிற்றாலயம் பேராலயத்துக்குள் இருப்பதாக நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேர். அது வத்திக்கான் அருங்காட்சியகத்தின் கடைசி அறை. அருங்காட்சியகத்தின் வாசலோ மதிலைச் சுற்றிக்கொண்டு போனால் சதுக்கத்திலிருந்து கால் மணி நேர நடையில் இருக்கிறது. இணையத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்யாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். உள்ளே போனால் மூன்று மணி நேரம் கரையும். உங்கள் ஆறு மணி நேரத்தில் பாதி அது. என்னைக் கேட்டால், முதல்முறை போகிறவர் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு ஊரைப் பார்க்கலாம். ஓவியப் பித்து உள்ளவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் அருங்காட்சியகம், பேராலயம் இரண்டோடு நாளை முடித்துக்கொள்ளட்டும்.

கிழமையையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும்; மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று கூட்டம் சொல்லி மாளாது. ஜூன் 29, ஆகஸ்ட் 15 விடுமுறை. புதன் காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு சதுக்கத்தில் நடந்தால் மத்தியானம் வரை பேராலயத்துக்குள் விடமாட்டார்கள். உங்கள் கப்பல் புதன்கிழமை வந்தால் சுற்றும் வரிசையைத் தலைகீழாக மாற்றி, ஊரை முதலில் பார்த்துவிட்டுப் பேராலயத்துக்குக் கடைசியில் வாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளையைப் புனிதராக அறிவித்தது 2022 மே 15இல் இதே சதுக்கத்தில்தான்.

பேராலயத்திலிருந்து நேரே ஆற்றை நோக்கி நடந்தால் காஸ்டெல் சாந்தாஞ்சலோ என்ற கோட்டை. அதன் எதிரே இருக்கும் பாலத்தின் இருபுறமும் தேவதைச் சிலைகள். பாலத்தைக் கடந்து கால் மணி நேரத்தில் பியாட்ஸா நவோனா என்ற சதுக்கம், அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் பந்தியோன் என்ற பழைய ரோமானியக் கோயில், இன்னும் பத்து நிமிடத்தில் திரேவி நீரூற்று. ரோமில் நடந்தே ரசிக்க வேண்டிய வழி இது. பந்தியோனுக்கு 2023 ஜூலையிலிருந்து நுழைவுக் கட்டணம் உண்டு. குவிமாடத்தின் நடுவில் திறந்த வட்டம் இருக்கிறது, மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். தண்ணீர் வடிவதற்காகத் தரையில் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள், குனிந்து பார்த்தால் தெரியும். இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகப்போகும் கட்டடம். திரும்புவதற்கு 64ஆம் எண் பஸ், சான் பியத்ரோ நிலையத்திலேயே கொண்டுபோய் விடும்.

கொலோசியம் பக்கம்

ஒஸ்தியென்ஸேயில் இறங்கினால் ஒரு சுரங்க நடைபாதை பிரமிதே மெட்ரோ நிலையத்தோடு சேர்க்கும். வெளியே எட்டிப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு பிரமிடு நிற்கும். கிறிஸ்துவுக்கு முன் செஸ்தியுஸ் என்ற ரோமானியருக்காகக் கட்டிய கல்லறை. நீல நிற பி தடத்தில் இரண்டாவது நிறுத்தம் கொலோசியம். மேலே ஏறி வெளியே வந்தால் எதிரே அதுதான்.

டிக்கெட்டில் உள்ள நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். எனவே ரயில் தாமதத்துக்கு இடம் வைத்துப் பதினொன்றரைக்குப் பிறகு உள்ள நேரமாகப் பதிவு செய்யுங்கள். ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு விற்பனை திறக்கும். திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடுவதும் உண்டு. அதே டிக்கெட்டில் ‘ரோமன் ஃபோரம்’ என்ற பழைய மன்றமும் பாலத்தைன் குன்றும் அடக்கம். நிழல் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் குடையும் தொப்பியும் இல்லாமல் போவது வீரம் அல்ல.

தண்ணீர், சாப்பாடு, திருட்டு

தெருவோரங்களில் இடுப்புயர இரும்புக் குழாய்களில் தண்ணீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். நஸோனி என்பார்கள். குளிர்ந்த, நல்ல குடிநீர். புட்டித் தண்ணீருக்குச் சுற்றுலா இடங்களில் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வெட்டி எடைபோட்டு விற்கும் பீட்சாக் கடைகள் போதும். மார்கரீட்டா, உருளைக்கிழங்கு பீட்சா. பால்கூட வேண்டாம் என்றால் மாரினாரா. சுப்ளி என்ற பொரித்த சோற்றுருண்டையில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், கேட்டு வாங்குங்கள். காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை.

64ஆம் எண் பஸ்ஸும் மெட்ரோவும் ஜேப்படிக்குப் பேர்போனவை. பர்ஸ் முன்பக்கப் பையில், பை மார்போடு. தாலிச் சங்கிலி, வளையல்களைக் கப்பல் அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். கழற்றும் வழக்கம் இல்லாதவர்கள் ஆடைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ரோமானியப் படைவீரர் வேஷத்தில் படம் எடுக்க அழைப்பவர்கள் பிறகு காசு கேட்பார்கள். மணிக்கட்டில் இலவசமாகக் கயிறு கட்டிவிட வருகிறவர்களும் அப்படித்தான்.

திரும்புதல்

கடைசி ரயில் என்று ஒன்றை மனதில் குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு ரயில் முன்னாலேயே ஏறிவிடுங்கள். ஒன்று ரத்தானாலும் அடுத்தது இருக்கும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிப்பார்கள். ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லோடு தேதியைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். வேலைநாட்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரையும் மாலை ஆறு முதல் ஒன்பது வரையும் அத்தியாவசிய ரயில்கள் ஓடும். கப்பல் பயணிக்கு அந்த மாலை ரயில் பயன்படாது. அப்படிப்பட்ட நாளில் கப்பல் நிறுவனத்தின் பஸ்ஸில் போவதுதான் புத்தி.

பயணமே சிவிட்டாவெக்கியாவில் முடிந்து ஃபியூமிச்சினோ விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் ரோம் மையத்துக்கு வரவே தேவையில்லை. திராஸ்தேவெரேயில் இறங்கி, விமான நிலையத்துக்குப் போகும் எஃப்.எல்.1 ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

எல்லாம் செய்தும் கப்பல் போய்விட்டால்? கப்பல் அறைக்கு வரும் தினசரித் தாளின் ஓரத்தில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். காலையில் இறங்குமுன் அதைப் படம் எடுத்து வைத்திருங்கள். நீங்கள் ஏறவில்லை என்று தெரிந்தால், அறையில் இருக்கும் பாஸ்போர்ட்டை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. எனவே முதலில் அவரைக் கூப்பிடுங்கள். அடுத்த துறை நேப்பிள்ஸ் என்றால் அலைச்சல் குறைவு, டெர்மினியிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். லிவோர்னோ என்றாலும் சிவிட்டாவெக்கியா வழியாகவே கடற்கரையோரம் ரயில் இருக்கிறது. பார்சிலோனா என்றால் விமான டிக்கெட்தான். செலவு உங்களுடையது, பயணக் காப்பீடு எடுத்திருந்தால் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.